மறுபடி திரும்பிய அரே

கேள்வி: 10, 20, 30, 40, 50 உள்ள அரேயை (மதிப்புகளின் வரிசையை) தலைகீழாக்க சி மொழியில் நிரல் எழுதினேன். இடம் மாற்றும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) 0 முதல் 4 வரை ஓடுகிறது. எரர் இல்லை, ஆனால் பழைய வரிசையே வருகிறது. ஏன்?

பதில்: லூப் முழுக்க ஓடுவதுதான் கோளாறு. முதல் சுற்றில் 10-உம் 50-உம் இடம் மாறுகின்றன. கடைசிச் சுற்றில் அதே இரண்டும் மறுபடி மாறி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகின்றன. இண்டெக்ஸ் (0-இலிருந்து எண்ணப்படும் இட எண்), எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே இருக்கும்வரை ஓடினால் போதும். முழு எண் வகுத்தலில் 5/2 என்பது 2. ஆக, இரண்டே சுற்று. 30 நடுவிலேயே இருக்கும், அதற்கெனத் தனியாக இஃப் வேண்டாம்.

எதிர்முனை இண்டெக்ஸைக் கண்டுபிடிக்க, எண்ணிக்கையிலிருந்து 1-ஐயும் இப்போதைய இண்டெக்ஸையும் கழியுங்கள். அந்த 1-ஐ மறந்தால் முதல் சுற்றிலேயே 5-ஆம் இண்டெக்ஸுக்குப் போவீர்கள். உங்கள் அரேயோ 4-உடன் முடிகிறது. சி மொழி எல்லை மீறலைத் தானாகத் தடுக்காது. குப்பை எண் வரலாம், நிரல் பாதியில் நிற்கலாம், சில நேரம் சரியாக ஓடுவதுபோலவும் தெரியலாம். இந்தக் கடைசிதான் ஆபத்தானது.

இடம் மாற்றும்போது முதல் மதிப்பை டெம்ப் (தற்காலிக) வேரியபிளில் எடுத்து வையுங்கள். இல்லையேல் 50, 40, 30, 40, 50 என்றுதான் கிடைக்கும்.

கேள்வி: சின்ன நிரல்தான். கம்பைல் செய்தால் (கணினி மொழிக்கு மாற்றினால்) பதினேழு எரர்! எங்கே தொடங்குவது?

பதில்: முதல் எரரில். அதை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பல அதன் விளைவாகவே வந்திருக்கும். செமிகோலன் விடுபட்டிருந்தால், கம்பைலர் பெரும்பாலும் அடுத்த சொல்லைப் பார்த்த பிறகுதான் தடுமாறும். அதனால் காட்டப்படும் வரியோடு அதற்கு மேல் வரியையும் பாருங்கள். ‘அன்டிக்ளேர்டு’ என்றால் வேரியபிளை அறிவிக்கவில்லை, அல்லது எழுத்துப்பிழை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சி-க்கு வேறு வேறு. ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ லிங்கர் (கம்பைல் ஆன பகுதிகளை இணைக்கும் கருவி) தருவது: அழைத்த ஃபங்ஷனின் உடல் (அதன் நிரல் வரிகள்) எங்கும் கிடைக்கவில்லை என்று பொருள். மெயின் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் இதே செய்திதான் வரும்.

கேள்வி: பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த நிரலில் ‘ஸ்ட்ரே’ (இருக்கக்கூடாத எழுத்து) என்று எரர் வருகிறதே?

பதில்: மேற்கோள் குறிகளைப் பாருங்கள். அவை வளைந்த குறிகளாக இருக்கும்; சி ஏற்பது நேர்க்குறியை மட்டுமே. அவற்றை அழித்துவிட்டு எடிட்டரிலேயே புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.