‘தட்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி இது: “ஆங்கிலத்தில் ‘தட்’ (that) என்ற இணைப்புச் சொல் பற்றிக் கேட்கிறேன். ‘ஹீ செட் தட்’ சரி, ‘ஹீ டோல்ட் தட்’ தப்பு என்கிறார்கள். ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்பதும் தப்பாம். ‘தட்’ போட வேண்டிய இடம், போடக் கூடாத இடம், விட்டுவிடலாம் என்கிற இடம், இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?”

‘தட்’டைப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் நிற்கிற வினைச்சொல்லைப் பாருங்கள். தனக்குப் பின்னால் என்ன வரலாம் என்பதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைச்சொல்லும் தானே முடிவு செய்கிறது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு வினைகள்கூட வேறு வேறு அமைப்பைக் கேட்கும்.

நமக்கு இது சிக்கலாவதற்குக் காரணம் ‘என்று’. ‘வருவான் என்று நினைக்கிறேன்’, ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’, ‘வருவாயா என்று கேட்டான்’, ‘எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை’, ‘என்னைப் போ என்று சொன்னாள்’. ஐந்து வாக்கியத்திலும் அதே ‘என்று’. ஆங்கிலத்தில் இந்த ஐந்தில் முதலாவதற்கு மட்டும்தான் ‘தட்’: ‘ஐ திங்க் தட் ஹீ வில் கம்’. மற்றவை ‘ஐ வான்ட் யூ டு கம்’, ‘ஹீ ஆஸ்க்ட் இஃப் ஐ வுட் கம்’, ‘ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்’, ‘ஷீ டோல்ட் மீ டு கோ’ என்று போகும். ‘ஹீ ஆஸ்க்ட் தட் வெதர்’, ‘ஐ டோன்ட் நோ தட் வேர்’ என்று எழுதுகிறவர்கள் ‘என்று’ இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ‘தட்’டை வைத்துவிடுகிறார்கள். கேள்வியை உள்ளே வைத்துச் சொல்லும்போது ‘இஃப்’, ‘வெதர்’, ‘வேர்’ போன்ற சொல்லே இணைப்பு வேலையைச் செய்துவிடும். ‘தட்’டுக்கு அங்கே இடம் இல்லை.

இப்போது ‘ஸே’யும் ‘டெல்’லும். ‘டெல்’ வந்து பின்னால் ‘தட்’ வருகிறது என்றால், யாரிடம் சொன்னான் என்பதையும் சொல்லியாக வேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ தட் ஹீ வாஸ் டயர்ட்’. ‘ஸே’க்கு ஆள் தேவையில்லை, கொண்டுவந்தால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஹீ செட் டு மீ தட்’. இந்த இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் வேறு பல வினைகளும் கூடவே வந்துவிடும். ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’, ‘கன்வின்ஸ்’, ‘அஷ்யூர்’ எல்லாம் ‘டெல்’ கூட்டம், ஆள் கட்டாயம். ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘மென்ஷன்’, ‘அனவுன்ஸ்’ எல்லாம் ‘ஸே’ கூட்டம். ‘ஹீ எக்ஸ்ப்ளெயின்ட் மீ தட்’ என்பது நம்மவர்கள் எழுத்தில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. ‘எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ தட்’ என்பதே சரி.

இன்னொரு விஷயமும் இங்கே உண்டு. ‘எனக்குக் காய்ச்சல் என்று சொன்னான்’ என்றால் காய்ச்சல் அவனுக்கு என்று நமக்குப் புரிகிறது. அவன் சொன்ன சொல்லை அப்படியே வைத்து ‘என்று’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘தட்’ போட்ட பிறகு எல்லாமே இப்போது பேசுகிறவரின் பார்வைக்கு மாற வேண்டும். ‘ஹீ செட் தட் ஐ ஹேட் எ ஃபீவர்’ என்று எழுதினால் காய்ச்சல் உங்களுக்கு வந்துவிடும். ‘ஹீ செட் தட் ஹீ ஹேட் எ ஃபீவர்’ என்றுதான் எழுத வேண்டும். காலமும் இறந்த காலத்துக்கு நகர்கிறது. சொன்ன விஷயம் இன்றும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்திலேயே விடலாம், அது தவறில்லை.

‘வான்ட்’ ‘தட்’டை ஏற்பதே இல்லை. ‘ஐ வான்ட் யூ டு கம்’, அவ்வளவுதான். ‘ஹோப்’ அதற்கு நேர் எதிர்: ‘ஐ ஹோப் தட் யூ வில் கம்’ சரி, ‘ஐ ஹோப் யூ டு கம்’ தப்பு. விருப்பமும் நம்பிக்கையும் மனதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இலக்கணத்தில் இல்லை. அதனால்தான் பொருளை மட்டும் வைத்து அமைப்பை ஊகிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வினை ‘சஜஸ்ட்’. ‘ஹீ சஜஸ்டட் மீ டு கோ’ என்று பரவலாக எழுதுகிறார்கள், ஆனால் அந்த அமைப்பை ‘சஜஸ்ட்’ ஏற்காது. ‘ஹீ சஜஸ்டட் தட் ஐ கோ’ அல்லது ‘தட் ஐ ஷுட் கோ’ என்று வரும். அந்தக் ‘கோ’வைக் கவனியுங்கள்: யோசனை சொன்னது இறந்த காலத்தில் இருந்தும் ‘வென்ட்’ ஆகவில்லை. ‘ஷீ’ போட்டாலும் ‘கோஸ்’ ஆகாது, ‘ஹீ சஜஸ்டட் தட் ஷீ கோ’தான். ஒருவர் இன்னதைச் செய்ய வேண்டும் என்ற யோசனையோ கோரிக்கையோ வரும்போது வினை இப்படி மாறாத வடிவத்தில் நிற்கும். ‘ரெக்கமென்ட்’, ‘டிமாண்ட்’ ஆகியவையும் இப்படித்தான். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வடிவம் சாதாரணமாகப் புழங்குகிறது; பிரிட்டனில் ‘ஷுட்’ சேர்ப்பதும் வழக்கம்.

ஆனால் இதே ‘சஜஸ்ட்’டுக்கு ‘உணர்த்துகிறது’ என்ற பொருளும் உண்டு. ‘த எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ் தட் ஹீ வென்ட் அலோன்’ என்றால் அவன் தனியாகப் போனதாகச் சான்று காட்டுகிறது. இங்கே யோசனை இல்லை, தகவல்தான். அதனால் வினை வழக்கமான காலத்தில் வருகிறது. ‘இன்சிஸ்ட்’டும் அப்படியே. ‘ஹீ இன்சிஸ்டட் தட் ஷீ வாஸ் ஃப்ரீ’ என்றால் அவள் சுதந்திரமாக இருக்கிறாள் என்று அவன் அடித்துச் சொன்னான். ‘ஹீ இன்சிஸ்டட் தட் ஷீ பி ஃப்ரீ’ என்றால் அவளுக்குச் சுதந்திரம் கிடைத்தாக வேண்டும் என்று கோரினான். ‘வாஸ்’ ‘பி’ ஆனதும் பொருளே மாறிவிட்டது.

எதிர்மறையில் ஒரு வழக்கம். ‘அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்’ என்பார்கள். ‘நாட்’ முன்னால் ஏறிக்கொள்ளும். ‘ஹோப்’ இதற்கு உடன்படாது: ‘ஐ ஹோப் ஹீ டஸ்ன்ட் கம்’.

‘ஆஃப்’, ‘அபவுட்’ போன்ற முன்னிடைச் சொற்களுக்கு அடுத்ததாக ‘தட்’ பொதுவாக நிற்காது. ‘ஐ ஆம் ஷ்யூர் ஆஃப் ஹிஸ் ஹானஸ்டி’ சரி. ‘தட்’ வேண்டுமென்றால் ‘ஆஃப்’ போய்விடும்: ‘ஐ ஆம் ஷ்யூர் தட் ஹீ இஸ் ஹானஸ்ட்’. ‘இன் தட்’, ‘எக்ஸெப்ட் தட்’ போன்ற சில விலக்குகள் உண்டு.

சரி, இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதியைத் திறந்து, பொருளோடு நிறுத்தாமல் உதாரண வாக்கியத்தையும் படியுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, இரண்டு சகாக்களோடு சேர்ந்து தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியில் வினைகளை 25 அமைப்புகளாக வகுத்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று எண் போட்டுக் காட்டினார். இன்றைய அகராதிகள் அந்த எண்களுக்குப் பதிலாக ‘எக்ஸ்ப்ளெயின் டு சம்பாடி தட்’ என்பதுபோல நேராகவே எழுதிக் காட்டுகின்றன. நோட்டில் குறிக்கும்போது வினையைத் தனியாக எழுதாமல் இந்த முழுத் தொடராகவே எழுதுங்கள். நான் கண்டவரை இதைவிடப் பலன் தரும் வழி இல்லை.

கடைசியாக, எப்போது விட்டுவிடலாம்? ‘திங்க்’, ‘நோ’, ‘ஸே’, ‘ஹோப்’ போன்ற அன்றாட வினைகளுக்குப் பின்னால் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சொன்னாலும் அழுத்தாமல் ‘தெட்’ என்று வேகமாக விழும். ‘அது’ என்ற பொருளில் வரும் ‘தட்’ மட்டும்தான் முழு ஒலியோடு வரும். ‘ரிப்ளை’, ‘விஸ்பர்’ மாதிரி வினைகளுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதே வழக்கம். குழப்பம் வரும் இடத்திலும் விடாதீர்கள். ‘ஷீ செட் எஸ்டர்டே ஹீ லெஃப்ட்’ என்றால் நேற்று நடந்தது சொன்னதா, கிளம்பியதா? ‘எஸ்டர்டே’க்குப் பின்னால் ‘தட்’ வைத்தால் நேற்றுச் சொன்னாள். முன்னால் வைத்தால் நேற்றுக் கிளம்பினான். வாக்கியமே ‘தட்’டில் தொடங்கினால் விடவே முடியாது: ‘தட் ஹீ லைட் இஸ் க்ளியர்’ (அவன் பொய் சொன்னது தெளிவு). பேச்சில் இப்படித் தொடங்குவது அபூர்வம். ‘இட்ஸ் க்ளியர் தட் ஹீ லைட்’ என்று திருப்பிப் போடுவார்கள், அங்கே ‘தட்’ இல்லாவிட்டாலும் சரிதான்.