எஞ்சினை அணைத்தால் லிஃப்ட் இறங்கிவிடுகிறது: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம் மூன்று ஏக்கரில் நெல் வைக்கிறேன். அப்பா காலத்து மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இருக்கிறது. காலையில் அதன் ஹைட்ராலிக் லிஃப்ட், ரோட்டவேட்டரை (சுழல் கலப்பையை) நன்றாகத் தூக்குகிறது. சிறிது நேரம் தொழி உழுது சூடேறியதும் தூக்கத் திணறுகிறது. தூக்கி நிறுத்தினாலும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் சில நிமிடங்களில் ரோட்டவேட்டர் தரைக்கு வந்துவிடுகிறது. லிஃப்டுக்கு எண்ணெய் இறைக்கும் பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) உழவு நெருங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பம்பை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒன்றையே காட்டுகின்றன. பம்பு மேலே அனுப்பிய எண்ணெய், லிஃப்ட் சிலிண்டரில் தங்காமல் எங்கோ கசிந்து திரும்பி வருகிறது. கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பம்பைப் போட்டால் அதுவும் அதே கசிவுக்குத்தான் எண்ணெய் இறைக்கும்.

உங்கள் வண்டியின் லிஃப்ட், ஹாரி பெர்குசன் வகுத்த அமைப்பின் வழியில் வந்தது. 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான டி.ஈ.20 டிராக்டர், அதற்குப் பின் வந்த 35 டிராக்டர் ஆகியவற்றின் வாரிசு அது. இந்த வகையில் பம்பு வெளியே இருக்காது. கியர் பெட்டியும் பின் அச்சும் குளித்துக்கொண்டிருக்கும் அதே எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். அதைச் சுழற்றுவது, எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு. நீங்கள் லீவரைத் தூக்கினால் பம்பின் உறிஞ்சும் வழியில் இருக்கும் கண்ட்ரோல் வால்வு திறக்கும், எண்ணெய் மேலே போகும். கருவியைத் தூக்கும் லிஃப்ட் கை உயர்ந்து உரிய இடத்துக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். அதன் பிறகு பம்பு சும்மா சுழலும், சிலிண்டரில் அடைபட்ட எண்ணெய்தான் சுமையைத் தாங்கி நிற்கும்.

ரோட்டவேட்டர் ஆடுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அடைபட்ட எண்ணெய் கசிந்தால் கை சற்றுத் தாழும். தாழ்ந்ததும் வால்வு தானே திறந்து பம்பு மறுபடி நிரப்பும், கை உயரும். மீண்டும் கசியும், மீண்டும் நிரப்பும். சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போவதால் கசிவு கூடுகிறது. காலையில் தூக்கியது பிற்பகலில் திணறுவது அதனால்தான். ஆட்டம் இப்படி மெதுவாக இல்லாமல், பி.டி.ஓ. சுற்றும் வேகத்துக்கு ஏற்பச் சுமை உயரும்போதே துடித்துத் துடித்து ஏறினால் கதை வேறு. பம்பில் இருக்கும் நான்கு பிஸ்டன்களில் ஒன்றின் வால்வு அடைத்துக்கொண்டிருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். அப்போது பம்பை இறக்கிப் பார்ப்பது நியாயம். உங்கள் வண்டி அப்படித் துடிப்பதாக நீங்கள் எழுதவில்லை.

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் எண்ணெயைப் பாருங்கள். நம் மாவட்டத்து டிராக்டர்களுக்கு இதுதான் பெரிய பகை. கன்னிப்பூ (முதல் போகம்), கும்பப்பூ என்ற இரண்டு போகத்துக்கும் சேற்றில் அச்சு வரை இறங்கி உழுகிற வண்டி, மற்ற மாதங்களில் இரண்டு பருவமழையிலும் தென்னை மூட்டில் நனைந்து நிற்கிறது. பி.டி.ஓ. தண்டின் சீல் தேய்ந்திருந்தாலோ, கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, எண்ணெய் அளக்கும் கம்பிக்குப் பதிலாகத் துணியைச் சுற்றிச் செருகியிருந்தாலோ தண்ணீர் நேராக உள்ளே போகும். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நிறம் தெளிவாக இல்லையென்றால் சில சொட்டுகளைப் பழைய கரண்டியில் விட்டுச் சூடாக்குங்கள், படபடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எண்ணெய் பம்புக்குள் நுரைக்கும். வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் கண்ட்ரோல் வால்வில் துரு பிடித்து அது இறுகிவிடவும் செய்யும்.

கலங்கிய எண்ணெயைத் தெளியவைத்து மீண்டும் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே முழுவதையும் வடித்து, உறிஞ்சும் வழியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, வண்டியின் கையேட்டில் சொன்ன தர எண்ணெயையே ஊற்றுங்கள். கியர் சத்தம் குறையும் என்று சிலர் 140 எண் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அந்தக் கனத்த எண்ணெயை உறிஞ்ச முடியாமல் பம்பு பசியோடு ஓடி வீணாகத் தேயும். டீசலை ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவுவதும் கூடாது. பம்பின் பிஸ்டன்களுக்கு அப்போது மசகு இல்லாமல் போய்விடும்.

லீவர்களையும் ஒருமுறை கவனியுங்கள். ரோட்டவேட்டருக்கு உயரத்தை நிறுத்தும் லீவரைத்தான் பயன்படுத்த வேண்டும். இழுவையைக் கட்டுப்படுத்தும் மற்றொரு லீவர் கலப்பை உழவுக்கு உரியது. அதை மேலே அதற்குரிய இடத்தில் நிறுத்திவைக்காவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று முரண்டு செய்யும். டாப் லிங்க் (கருவியின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் கம்பி) மாட்டும் இடத்தில் உள்ள பெரிய சுருள்வில்லைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் இடைவெளி விட்டு ஆடக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால் கசிவைத் தேடலாம். தேடும் முன் ரோட்டவேட்டருக்குப் போகும் இணைப்புத் தண்டைக் கழற்றிவிடுங்கள். பம்பு ஓட பி.டி.ஓ. ஓட வேண்டும் என்பதால், தண்டு மாட்டியிருந்தால் பிளேடுகளும் சேர்ந்து சுழலும். ரோட்டவேட்டரின் அடியில் இரண்டு பக்கமும் உறுதியான மரக்கட்டைகளை, தூக்கிய உயரத்துக்கு ஒரு சாண் குறைவாக அடுக்குங்கள். அது இறங்கினாலும் கட்டையில் உட்காரும். அப்படியிருந்தும் அடியில் யாரும் குனியக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. அவசரத்தில் இந்தப் பாதுகாப்பை மட்டும் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள்.

லிஃப்ட் தாழ்ந்திருக்கும்போதே, பக்கவாட்டு மூடியின் கீழ்விளிம்பு வெளிப்படும் அளவுக்கு மட்டும் எண்ணெயை வடியுங்கள். சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் திரும்ப ஊற்றலாம். பிறகு சுமையைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பிலிருந்து மேலே நிமிர்ந்து போகும் குழாயின் மூட்டில் எண்ணெய் பீச்சினால் அதிலுள்ள ரப்பர் வளையங்கள் போய்விட்டன. அதிலேயே உங்கள் தொல்லை தீரும் வாய்ப்பு உண்டு. இந்த வகை வண்டிகளில் இருக்கைக்கு முன்னால் உள்ள சிறு மூடியைக் கழற்றினால், கனமான லிஃப்ட் மூடியைத் தூக்காமலே அந்தக் குழாயைத் திருகி மேலே உருவலாம். வளையங்களை மாற்றிப் பழையபடி செருகிவிடலாம். பம்பின் விலையோடு பார்த்தால் அது செலவே அல்ல.

சிலிண்டரின் வாயிலிருந்து ஒழுகினால் பிஸ்டனின் வளையமோ சீலோ தேய்ந்திருக்கும். சிலிண்டர் லிஃப்ட் மூடியின் அடிப்பக்கத்தில் தொங்குவதால் மூடியைச் சங்கிலிக் கப்பியால் தூக்கத்தான் வேண்டும். உள்சுவரில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் புது வளையமும் நிலைக்காது, சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு இடமும் உலர்ந்திருந்தும் சுமை இறங்கினால், அப்போதுதான் பம்பின் வால்வுப் பகுதி மேல் சந்தேகப்பட வேண்டும். அங்கும் வால்வையும் சீல்களையும் தனியாகப் புதுப்பிக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பம்பு வலுவிழந்துவிட்டது என்று அவர் சொன்னால், எண்ணெய் சூடாக இருக்கும்போது பிரஷர் கேஜ் மாட்டி அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏலாவில் (வயல்வெளியில்) தண்ணீர் விட்டுவிட்டால் வண்டிக்காகக் காத்திருக்க முடியாது என்பது புரிகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. ‘இ-வாடகை’ செயலியில் பதியலாம், அல்லது நாகர்கோவிலில் உள்ள துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். உழவு நேரத்தில் கேட்போர் கூடிவிடுவார்கள் என்பதால், வண்டியைப் பிரிக்கிற அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.