செகண்ட் ஹாண்டில் நிக்கான் டி90 வாங்கிவிட்டேன், திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் மனசு அடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே கேமராவில் இதே நடந்தது.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரிடம் 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் பேசி இரண்டாயிரம் குறைத்த சந்தோஷத்தில் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்கவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு படத்தின் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது கேமரா படத்தோடு சேர்த்துப் பதியும் குறிப்பைத் திறந்தால் 83 ஆயிரத்துச் சொச்சம்! இந்த மாடலின் ஷட்டரை 1 லட்சம் முறை இயக்கிச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு முடிந்த மறுநாளே ஷட்டர் நின்றுவிடாது என்பது இப்போது தெரியும். அன்று ராத்திரி தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. கையிலிருந்த 64 ஜிபி கார்டு சேரவில்லை. 2008-இல் வந்த கேமரா, எஸ்டிஎச்சி என்ற பழைய வகை கார்டோடு நின்றுவிடும், அதாவது 32 ஜிபி. நண்பனிடம் இரவல் வாங்கிய ஏஎஃப்-பி என்ற புது வகை லென்ஸ் ஃபோகஸே ஆகவில்லை. அந்த வகை லென்ஸ் இதில் வேலை செய்யாது. அக்கா தன் போனை நீட்டி, "இதுலயே நல்லா வருதேடா" என்றாள். பகல் வெளிச்சத்தில் அவள் சொன்னது சரிதான், என்ன செய்ய.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்த நேரத்தில் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் ஒன்று கிடைத்தது. மாட்டியதும் திரையில் "எஃப் ஈ ஈ" என்று மின்னியது. இன்னும் என்ன ஃபீஸ் கேட்கிறது இது என்று எரிச்சல். விஷயம் ஒன்றுமில்லை, லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. டி90-இன் பாடிக்குள் இருக்கிறது. பத்து வருடம் கழித்து வந்த நிக்கான் டி3500-இல்கூட அது இல்லை, அதில் இதே லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஜன்னலோரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவை எடுத்தேன். நாரும் விரல்களும் துல்லியம், பின்னாலிருந்த பீரோ கரைந்து போயிருந்தது. விற்கும் யோசனையை அன்றோடு விட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இருட்டில் எடுக்க ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 1600-க்கு மேல் ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போல நாய்ஸ். கோயில் கருவறைப் பக்கமெல்லாம் நான் இதை எடுத்துப் போவதில்லை.

உங்களுக்கு வீடியோதான் முக்கியம் என்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் இதுதான், ஆனால் தெளிவு 720பி அளவுதான், ஒரே மூச்சில் ஐந்து நிமிடம், ஓடும்போது ஆட்டோஃபோகஸும் கிடையாது. படம் மட்டும்தான் என்றால், கொடுப்பதற்கு முன்னால் யாரிடமாவது அந்த 50 எம்எம்மை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். வளையம் 22-இல் இருக்கட்டும்.