சொந்த சர்வரில் விதித் தளம்: கண்டெய்னர் கேள்வி-பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களுக்கான ஸ்பெல், மான்ஸ்டர், விதிக் குறிப்புத் தளத்தைத் தங்கள் கணினியிலேயே ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கண்டெய்னர் என்பது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியே ஓட்டும் பெட்டி, இமேஜ் அதற்கான அச்சு, டாக்கர் இவற்றை ஓட்டும் கருவி.

கேள்வி: தளத்தின் ஃபைல்களை முழுதாக இறக்கிவிட்டேன். முகப்புப் பக்கத்தை டபுள் கிளிக் செய்தால் மெனு வருகிறது, ஸ்பெல் பட்டியல் மட்டும் காலி. டவுன்லோடில் ஏதாவது விடுபட்டதா?

விடுபட்டிருக்க வாய்ப்பு குறைவு. இத்தகைய தளங்களில் பக்கம் வெறும் கூடுதான். ஸ்பெல்களும் மான்ஸ்டர்களும் தனித்தனி ஜேசன் ஃபைல்களில் இருக்கும். பக்கம் திறந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைக் கேட்டு வாங்கும். டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் அருகிலுள்ள ஃபைலைப் படிப்பதைப் பிரவுசர்கள் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடுகின்றன. எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். கார்ஸ் (வேறிடத்து ஃபைலைப் படிக்கும் அனுமதி) பற்றிய சிவப்பு வரி தெரிந்தால் காரணம் இதுவேதான்.

அதே ஃபோல்டரை ஒரு வெப் சர்வர் வழியாகக் கொடுங்கள், பட்டியல் நிரம்பிவிடும். என்ஜின்எக்ஸ் அல்லது கேடியின் அதிகாரப்பூர்வ இமேஜை எடுத்து, ஃபோல்டரை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து (கண்டெய்னருக்குள் தெரியும்படி இணைத்து), வெளியே 8080 போர்ட்டை உள்ளே 80-உடன் இணைத்தால் போதும். டேட்டாபேஸ் தேவையில்லை. ஒரு லேப்டாப்பில் ஒரு மாலை ஆட்டத்துக்கு மட்டும் என்றால், பைதானுடன் வரும் குட்டி வெப் சர்வரே போதுமானது. அதற்குக் கண்டெய்னர் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: எல்லாப் புத்தகங்களும் உள்ளடங்கிய ரெடிமேட் இமேஜ் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குள் மட்டும் ஓட்டினால் பரவாயில்லையா?

தளத்தின் நிரல் ஓப்பன் சோர்ஸாக இருக்கலாம். அதனால் அதற்குள் வைத்திருக்கும் புத்தகங்கள் இலவசமாகிவிடாது. எழுதியவர்களின் உழைப்பு அது. வீட்டுக்குள் ஓட்டுவதால் அந்த நிலை மாறுவதில்லை. அந்த இமேஜைத் தொடாதீர்கள்.

சட்டப்படி கிடைப்பதே தாராளமாக இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. புதிய விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2 அதே உரிமத்தில் 2025 ஏப்ரலில் வந்தது. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாத உரிமம் அது. மூலத்தைக் குறிப்பிடும் வாசகத்தைத் தளத்தில் தெரியும்படி வைத்தால், நீங்கள் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், பகிரலாம். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் ரீமாஸ்டர் விதிகள் ஓஆர்சி என்ற திறந்த உரிமத்தில் உள்ளன.

எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஸ்ஆர்டி 5.1-இல் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே சப்கிளாஸ்தான். ஃபீட் என்றால் கிராப்ளர் மட்டும், பேக்ரவுண்ட் என்றால் அகோலைட் மட்டும். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் ஸ்டாட் பிளாக்குகள் கிடையாது. ஆனால் ஆட்டத்தின் நடுவே அவசரமாகத் தேடப்படுவது கண்டிஷன்களும் காம்பாட் விதிகளும் அடிப்படை ஸ்பெல்களும்தானே? அவை அதில் உண்டு. மிச்சத்தை உங்கள் குழுவே எழுதிச் சேர்க்கட்டும். சொந்தமாகத் தளம் நடத்துவதில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

கேள்வி: புது இமேஜுக்கு மாறினேன். கூடவே போர்ட்டையும் மாற்றினேன். பல மாதங்களாகச் சேர்த்த ஹோம்ப்ரூ (நாங்களே உருவாக்கிய) மான்ஸ்டர்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. மீட்க முடியுமா?

முடியலாம். முதலில் பிரவுசரில் எதையும் கிளியர் செய்யாதீர்கள். பழைய கண்டெய்னர் இன்னும் இருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் சேர்த்தவை இரண்டு இடங்களில் ஒன்றில் இருந்திருக்கும். ஒன்று, கண்டெய்னரின் எழுதக்கூடிய அடுக்கு. வால்யூம் மவுன்ட் செய்யாத ஃபோல்டருக்குள் எழுதப்படும் எல்லாம் அங்கே போய்ச் சேரும். புது இமேஜ் வந்ததும் டாக்கர் கம்போஸ் (கண்டெய்னர் அமைப்பை ஒரு ஃபைலில் எழுதி ஓட்டும் கருவி) பழைய கண்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கும். அந்த அடுக்கும் சேர்ந்து போய்விடும். நீக்கப்படாமல் நிறுத்தி மட்டும் வைத்திருந்தால், டாக்கரின் காப்பி கட்டளையால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடலாம்.

மற்றொன்று உங்கள் பிரவுசர். உங்கள் விஷயத்தில் இதைத்தான் நான் சந்தேகிக்கிறேன். சர்வர் பக்கத்தில் டேட்டாபேஸ் இல்லாத தளங்கள் பயனர் சேர்ப்பதை லோக்கல் ஸ்டோரேஜிலோ இண்டெக்ஸ்ட்டிபியிலோதான் வைக்கும். அந்தச் சேமிப்பு ஒரிஜினுக்குக் கட்டுப்பட்டது: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, எந்தப் பெயர், எந்தப் போர்ட், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரிஜின். 192.168.1.20:8080-இல் சேமித்ததை 192.168.1.20:8081-இல் திறந்த பக்கம் பார்க்கவே முடியாது. பொருள் எங்கும் போகவில்லை; பழைய முகவரியின் பெயரில் அதே பிரவுசரில் இருக்கிறது. போர்ட்டைத் தற்காலிகமாகப் பழைய எண்ணுக்கே மாற்றி, அதே கருவியில், அதே பிரவுசர் புரொஃபைலில் திறந்து, எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு புது முகவரியில் இம்போர்ட் செய்யலாம்.

சஃபாரி பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2020 முதல், பிரவுசரைப் பயன்படுத்திய 7 நாட்களில் ஒரு தளத்தை நீங்கள் தொடவேயில்லை என்றால், அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் சேமித்ததை சஃபாரி அழித்துவிடும். மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கு இது பெரிய இழப்பு. ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த வெப் ஆப்புக்கு இந்தக் கெடு இல்லை.

இனிமேல் ஹோம்ப்ரூவை ஜேசன் ஃபைலாக ஒரு ஃபோல்டரில் வைத்து, அதை கிட் ரெப்போவாக்கி (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் களஞ்சியமாக்கி), கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்யுங்கள். கண்டெய்னரை எந்த நிமிடமும் அழிக்கலாம் என்ற நிலை வரவேண்டும். உங்கள் குழு உருவாக்கியது அதற்குள் அடைபட்டுக் கிடக்கக்கூடாது.

கேள்வி: மவுன்ட் செய்தபின் 403 ஃபர்பிடன் வருகிறது.

பெர்மிஷன். என்ஜின்எக்ஸின் வேலைப் புராசஸ் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓடுவதில்லை. ஃபைல்களுக்குப் படிக்கும் அனுமதியும், மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எக்ஸிக்யூட் அனுமதியும் அதற்கு வேண்டும். பெரும்பாலும் ஃபோல்டரில்தான் கோட்டை விடுகிறார்கள். ஃபெடோரா போல எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு இயங்கும் கணினியில் இதுவும் சரியாக இருந்து பிழை தொடர்ந்தால், மவுன்ட் வரியின் கடைசியில் இசட் ஆப்ஷனைச் சேருங்கள். முகப்பு ஃபைல் இல்லாத ஃபோல்டரைச் சுட்டியிருந்தாலும் இதே 403தான் வரும், அதையும் பாருங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பையில் கண்டெய்னர் எழுந்ததும் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று விழுகிறது.

இமேஜ் இன்டெல் வகைப் பிராசஸருக்குக் கட்டப்பட்டது, உங்களுடையது ஆர்ம். ஆர்ம்64-க்கும் சேர்த்துக் கட்டிய இமேஜைத் தேடுங்கள், இல்லையென்றால் ராஸ்பெரி பையிலேயே பில்ட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: குழுவில் இருவர் வேறு ஊரில் இருக்கிறார்கள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமா? யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இருக்கிறது.

திறக்காதீர்கள். அந்த ஃபயர்வாலை நம்பியும் திறக்காதீர்கள். டாக்கர் ஒரு போர்ட்டைப் பப்ளிஷ் செய்யும்போது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியில்) தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட் யூஎஃப்டபிள்யூவின் உள்வரவு விதிகளைத் தொடாமலேயே கண்டெய்னருக்குப் போய்விடும். 8080 மூடியிருப்பதாக யூஎஃப்டபிள்யூ காட்டும், உண்மையில் திறந்திருக்கும்.

நாலைந்து பேர் பார்க்கும் தளத்துக்கு வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (தனிப்பட்ட இணைப்பு) போதும். கம்போஸ் ஃபைலின் போர்ட் வரியில் எண்ணுக்கு முன் விபிஎன் முகவரியையும் எழுதுங்கள். தளம் அந்த வழியில் மட்டுமே கேட்கும். ஒரு சிக்கல் உண்டு: ரீபூட்டின்போது விபிஎன் எழுவதற்கு முன் டாக்கர் எழுந்தால் அந்த முகவரி இன்னும் இருக்காது, கண்டெய்னர் கிளம்ப மறுக்கும். லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில் டாக்கர் சர்வீஸை விபிஎன்னுக்குப் பின் வரிசைப்படுத்திவிடுங்கள். உங்கள் இணைய நிறுவனம் சிஜிநாட் (பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரி) பின்னால் வைத்திருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் எப்படியும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் பொதுவாக அதையும் தாண்டிவிடும்.

கேள்வி: இன்டர்நெட் போனால் தளம் உடைந்து தெரிகிறது. சர்வர் வீட்டில்தானே இருக்கிறது?

ஃபைல்கள் வீட்டில் இருக்கின்றன, ஆனால் பக்கம் எழுத்துருவையோ ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியையோ வெளியே ஒரு சிடிஎன்னிலிருந்து (பொது ஃபைல் சர்வரிலிருந்து) இழுக்கிறது. டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் டொமைன் நெடுவரிசையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் முகவரி அல்லாதது எதுவோ அதை இறக்கி உங்கள் ஃபோல்டரில் வைத்து, பக்கத்தில் உள்ள இணைப்பையும் மாற்றுங்கள். ஆஃப்லைன் வசதி இருக்கும் தளமாயிற்றே என்று நினைக்க வேண்டாம்: அதற்கான சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி ஸ்கிரிப்ட் எச்டிடிபிஎஸ்ஸிலோ லோக்கல்ஹோஸ்டிலோ மட்டும்தான் இயங்கும், வெறும் 192.168 முகவரியில் பதிவாகவே ஆகாது. சோதிக்கும்போது பிரவுசர் கேஷை முடக்கிவிட்டு, ரவுட்டரின் வெளி இணைப்பை மட்டும் கழற்றி, ஃபோனிலிருந்தும் ஒருமுறை திறந்து பாருங்கள்.