வாசகர் கேள்வி – பதில்: பயணப் படங்களை எங்கே வைப்பது?

முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை நாடாமல் பயணப் படங்களையும் அனுபவங்களையும் இணையத்தில் பகிர்வது குறித்து வந்த கடிதங்களிலிருந்து இந்த இதழுக்கான கேள்விகளை எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. முகநூல் கணக்கை மூடிவிட்டேன். குடைவரைகள், கோட்டைகள், பழைய கோயில்கள் என்று சுற்றி எடுத்த படங்கள் கணினியில் ஏராளமாகக் கிடக்கின்றன. யார் விருப்பம் தெரிவிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. அந்த இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும். எங்கே வைக்கலாம்? – வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்லும் வகைப் படங்களுக்கு எவரும் படங்களை ஏற்றவும் எடுத்துப் பயன்படுத்தவும் கூடிய விக்கிமீடியா பொதுவகமே (Wikimedia Commons) பொருத்தமான இடம் என்பது என் கருத்து. 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இந்தக் களஞ்சியத்தில் இன்று 10 கோடிக்கும் அதிகமான கோப்புகள் உள்ளன. தமிழ் உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் தமக்கு வேண்டிய படங்களைப் பெரும்பாலும் இங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. முகநூலில் இடும் படம் ஓரிரு நாளில் அடுத்தடுத்த பதிவுகளுக்கு அடியில் போய்விடுகிறது. கணக்கில்லாத ஒருவர் அதைத் தேடி எடுப்பதும் கடினம். பொதுவகத்திலோ படங்கள் இடத்தின் பெயரால் பகுக்கப்படுவதால், பத்து ஆண்டுகள் கழித்துத் தேடுபவருக்கும் அவை அகப்படும்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீச்சரத்தைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கிய அந்தக் கோயிலின் முகப்பையும் விமானத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே போக எண்ணும் ஒருவருக்கு அதைக் காட்டிலும் வேறு சில படங்கள் தேவைப்படுகின்றன: ஏற வேண்டிய பாறைச் சரிவு எப்படி இருக்கிறது, வயதானவர்கள் ஏற முடியுமா, எதிரேயுள்ள குடைவரையில் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கும் 12 திருமால் உருவங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது என்பவை. உங்களிடம் இத்தகைய ‘அழகில்லாத’ படங்கள் இருந்தால் அவற்றை முதலில் ஏற்றுங்கள். ஒரே கோபுரத்தின் நாற்பதாவது படத்தைவிட, இதுவரை யாரும் எடுக்காத தூண் ஒன்றின் தெளிவான படத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஏற்றும்போது மூன்று தகவல்களைத் தவறாமல் எழுத வேண்டும்: இடம் (ஊர், வட்டம், மாவட்டம்), எடுத்த நாள், படத்தில் இருப்பது என்ன என்பதை விளக்கும் இரண்டொரு வரிகள். கேமரா தானாக இட்ட எண்ணையே கோப்பின் பெயராக விட்டுவிடுபவர்களின் படங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை ஏற்ற வேண்டாம். அது சுருங்கியிருக்கும், எடுத்த நாள் போன்ற உள்விவரங்களும் நீங்கியிருக்கும். கேமராவிலோ கைப்பேசியிலோ உள்ள மூலக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

நம்பி ஒப்படைத்த தளம் நாளை மூடப்படாதா என்றும் நீங்கள் கேட்கலாம், அது நியாயமான ஐயமே. இடங்களின் படங்களுக்கென்றே 2005-இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்ட பனோரமியோ என்ற தளம் உலகெங்கும் பயணிகளின் விருப்பத்துக்குரியதாக இருந்தது. 2007-இல் கூகுள் அதை வாங்கியது, 2016 நவம்பரில் மூடியது. பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளமோ கைமாறிய பிறகு, இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பை 2019-இல் கொண்டுவந்தது. பொதுவகத்தை நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளை என்பதாலும், கட்டற்ற உரிமத்தில், அதாவது எவரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தந்து, வெளியிட்ட படங்களை எவரும் படியெடுத்து வைக்கலாம் என்பதாலும் அங்கே ஆபத்து குறைவு. ஆயினும் மூலப் படங்களின் ஒரு படியை வீட்டிலுள்ள வன்வட்டில் வைத்துக்கொண்டே எங்கும் ஏற்றுங்கள்.

கேள்வி: பொதுவகத்தில் இட்ட படத்தை எந்த நிறுவனமும் காலண்டரில் அச்சிட்டு விற்கலாமாமே? வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை விதிக்க முடியாதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விற்கலாம். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல்–அதே முறையில் பகிர்தல் உரிமத்தின்படி, படத்தை எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும். படத்தை மாற்றியமைத்து வெளியிட்டால் அந்தப் புதிய ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இவ்விரண்டையும் செய்பவரிடம் நீங்கள் பணம் கேட்க இயலாது. பெயர் போடாமல் அச்சிடுபவர் உரிமத்தை மீறுகிறார். பதிப்புரிமை உங்களிடமே இருப்பதால் அவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையது.

பலர் யோசிக்காமல் விடுவது வேறொன்று. ஒருமுறை அளித்த இந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஏற்றிய 7 நாட்களுக்குள், அந்தப் படம் வேறெங்கும் பயன்படுத்தப்படாமல் இருந்தால், நீக்கக் கோருவது எளிது. அதற்குப் பிறகு நீக்குவதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். ஆகவே, பிற்காலத்தில் ஒரு புத்தகமாகவோ கண்காட்சியாகவோ கொண்டுவர நினைக்கும் உங்கள் மிகச் சிறந்த படங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சொந்த வலைத்தளத்தில், எல்லா உரிமைகளும் உங்களுக்கே என்ற குறிப்புடன் வெளியிடலாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொடுப்பதைத் தெரிந்து கொடுத்தால் போதும்.

கேள்வி: எதை எல்லாம் படம் எடுத்து வெளியிடக் கூடாது? – வாசகர், மதுரை

பதில்: எடுக்கும் அனுமதி வேறு, வெளியிடும் உரிமை வேறு.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில், தாஜ்மகாலின் சமாதி மண்டபம் உள்ளிட்ட சில இடங்களைத் தவிர மற்றவற்றில் படம் எடுக்கலாம் என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. முக்காலி வைத்து எடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். தமிழகக் கோயில்களின் நிலை வேறு. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில், கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகையால் வெளிப் பிராகாரத்தில் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கருவறையைப் படம் எடுக்கும் ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள்.

வெளியிடும் உரிமையைப் பொறுத்தவரை, பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவப்பட்ட கட்டடங்களையும் சிற்பங்களையும் படம் எடுத்து வெளியிட நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சுவரோவியத்துக்கு இச்சலுகை இல்லை. சித்தன்னவாசல் ஓவியத்துக்குப் பதிப்புரிமைச் சிக்கலே எழாது. ஆனால் சென்ற ஆண்டு ஓர் ஓவியர் மேம்பாலத் தூணில் தீட்டிய படம் அவருடைய சொத்து. அதை மட்டும் நெருக்கமாக எடுத்துப் பொதுவகத்தில் இட்டால் நீக்கிவிடுவார்கள். அருங்காட்சியக விளக்கப் பலகையை அப்படியே படம் எடுத்து ஏற்றுவதும் இப்படித்தான். செய்தியை உங்கள் சொற்களில் எழுதுங்கள். வெளிநாடு செல்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பாரிசின் ஐஃபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்துக்குத் தடையில்லை. இரவு விளக்கு அலங்காரத்துக்கோ தனியே உரிமை கோரப்படுகிறது.

மனிதர்கள் விஷயத்தில் சட்டத்துக்கு முன்பே மரியாதை இருக்கிறது. சந்தையில் பூ விற்கும் அம்மாவின் முகம் படம் முழுவதும் நிறையுமானால், கேட்டுவிட்டு எடுங்கள். இணையத்தில் போடப்போவதையும் சொல்லுங்கள். அந்தமானில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அந்தமான் நெடுஞ்சாலையில் செல்லும்போது வண்டிக்குள்ளிருந்து எடுத்ததுதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கேள்வி: மலைவாசத்தலம் ஒன்றில் தங்கிய விடுதியைப் பற்றிக் கூகுள் வரைபடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவதூறு வழக்குப் போடுவதாக உரிமையாளர் மிரட்டுகிறார். வேறொரு விடுதியிலோ ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் கட்டணத்தில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். விமர்சனம் எழுதுவதையே விட்டுவிடலாமா? – வாசகி, சேலம்

பதில்: விட வேண்டாம், எழுதும் முறையைச் சற்று இறுக்கிக்கொள்ளுங்கள். அவதூறு இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. பொதுநலன் கருதிச் சொல்லப்பட்ட உண்மைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அது உண்மை என்று காட்ட வேண்டிய பொறுப்பு எழுதியவரைச் சாரும். “மோசடிப் பேர்வழிகள்” என்று எழுதினால் அதை எப்படிக் காட்டுவீர்கள்? “டிசம்பர் இரண்டாம் வாரம் இரண்டு இரவுகள் தங்கினோம், முன்பதிவின்போது வெந்நீர் உண்டு என்றார்கள், இரண்டு நாளும் காலையில் வரவில்லை, சொன்ன பிறகும் சரிசெய்யவில்லை” என்று எழுதினால், படிப்பவருக்கும் பயன்படும், இரசீதும் படமும் உங்கள் பக்கம் நிற்கும். ஊழியர்களின் பெயரை எழுதாதீர்கள். குறையைப் பிறகு சரிசெய்துவிட்டதாக விடுதி தெரிவித்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். மிரட்டல் வழக்கறிஞர் அறிவிப்பாகவே வந்துவிட்டால், பதிலை நீங்களே எழுதாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தள்ளுபடிக்காகத் தரும் நட்சத்திரத்தை நான் லஞ்சம் வாங்கிய சான்றிதழாகவே பார்க்கிறேன். இணைய விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரவரையறையை வெளியிட்டது. விலைக்கு வாங்கப்பட்ட விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்பது அதிலுள்ள நெறிகளில் ஒன்று. கூகுளின் சொந்த விதிகளும் சலுகைக்கு ஈடாக எழுதப்படும் விமர்சனங்களைத் தடை செய்கின்றன. இலவசமாகத் தங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

விமர்சனம் வேண்டாம், தகவல் மட்டும் தருகிறேன் என்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தத் திறந்த வரைபடத்தில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. குடிநீர்க் குழாய், கழிப்பறை, கோயில் நடை திறக்கும் நேரம், மலைப்பாதை ஆகியவற்றை நேரில் கண்டபடி குறிக்கலாம். கூகுள் வரைபடத்தைப் பார்த்து அதில் எழுதுவது மட்டும் கூடாது.

கேள்வி: படத்துக்குள் நாம் இருக்கும் இடம் பதிவாகிறதாமே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆம். கைப்பேசிக் கேமராவில் இட விவரம் இயக்கத்தில் இருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்பிலேயே பதிவாகிவிடும். குடைவரையின் படத்துக்கு அது நன்மை, உங்கள் வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு ஆபத்து. பறவைகளின் கூடு, காவலில்லாத கோயிலின் செப்புத் திருமேனி ஆகியவற்றுக்கும் துல்லிய இடத்தைத் தராமல் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயணத்திலிருந்து வீடு திரும்பிய பின் ஏற்றினால், பூட்டிய வீட்டை ஊருக்கு அறிவிக்கும் தொல்லையும் இல்லை.

கேள்வி: விளக்கங்களைத் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: படிப்பார்கள், எழுதியிருப்பவர்கள்தாம் குறைவு. பொதுவகத்தில் ஒரே படத்துக்குப் பல மொழிகளில் விளக்கம் தர இடமிருப்பதால், தமிழில் விரிவாகவும் ஆங்கிலத்தில் ஒரு வரியாகவும் எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதனால் தேடுபவர்கள் தவறவிடும் படங்கள் பல. தமிழ்ப் பெயரை எழுதி, வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் இரண்டைச் சேர்த்துவிட்டால், எப்படித் தேடினாலும் கிடைக்கும். கல்வெட்டுப் படமானால், படிக்க முடிந்த வரிகளையும் விளக்கத்தில் தட்டச்சு செய்துவிடுங்கள். எழுத்தாக இருப்பதைத்தான் தேடுபொறி எளிதில் கண்டுபிடிக்கும்.