பல் எடுக்க ஆண் கை வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு பி.டி.எஸ். படிப்பில் இடம் கிடைத்துள்ளது. "பல்லைப் பிடுங்கக் கைவலு வேண்டும், அது ஆண்கள் வேலை" என்று என் மாமனார் தடுக்கிறார். உலகின் முதல் பெண் பல் மருத்துவர் யார் என்று தேடினால் இரண்டு பெயர்கள் வருகின்றன. யாரைச் சொல்லி அவருக்கு விளக்குவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பெயர்களும் சரியானவையே. பல் மருத்துவத்தில் முதன்முதலில் பட்டம் பெற்ற பெண் லூசி ஹாப்ஸ். அவருக்கும் முன்னரே, பட்டம் இல்லாமல் இத்தொழிலை நடத்தியவர் எமலின் ராபர்ட்ஸ் ஜோன்ஸ். இருவரும் அமெரிக்கர்கள். மாமனாரிடம் முதலில் எமலினைப் பற்றிச் சொல்லுங்கள். ஏனெனில், ஏறத்தாழ இதே ஆட்சேபத்தைத் தம் கணவரின் வாயாலேயே கேட்டவர் அவர்.

கனெக்டிகட் மாநிலத்தில் பல் மருத்துவம் செய்துவந்த டேனியல் ஜோன்ஸை எமலின் 1854-இல், பதினெட்டு வயதில் மணந்தார். பெண்களின் விரல்கள் வலுவற்றவை, பாங்கற்றவை, ஆகவே இத்தொழிலுக்கு உதவா என்பது டேனியலின் எண்ணம். அவர் பிடுங்கிப்போட்ட பற்களை எமலின் அவருக்குத் தெரியாமல் எடுத்துவைத்து, நூற்றுக்கணக்கானவற்றின் சொத்தைக் குழிகளை அடைத்துப் பழகி, அவற்றையெல்லாம் ஒரு கண்ணாடிச் சாடியில் சேர்த்துவைத்தார். அந்தச் சாடியைக் கண்ட பின்னரே, 1855-இல், நோயாளிகள் சிலரைக் கவனிக்கக் கணவர் அவரை அனுமதித்தார். 1864-இல் டேனியல் இறந்ததும், மடக்கி எடுத்துச் செல்லும் நாற்காலியுடன் ஊர் ஊராகப் போய்ச் சிகிச்சை அளித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய அவர், 1915 வரை தொழிலை விடவில்லை.

லூசியின் தடை வேறு வகையானது. பத்தாண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு, சின்சினாட்டியில் பல் மருத்துவர்களிடம் தனிப்பட்ட முறையில் தொழில் கற்ற அவரை, பெண் என்பதற்காகவே ஒஹாயோ பல் மருத்துவக் கல்லூரி 1861-இல் சேர்க்க மறுத்தது. அவர் அயோவா மாநிலத்துக்குச் சென்று தொழில் நடத்தி நற்பெயர் ஈட்டினார். 1865-இல் அம்மாநிலப் பல் மருத்துவர் சங்கமே அவரை உறுப்பினராக ஏற்றதும், மறுத்த கல்லூரியும் இறங்கிவந்தது. அனுபவம் கணக்கில் கொள்ளப்பட்டதால், 1866 பிப்ரவரியிலேயே பட்டம் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் மணந்த கணவருக்குப் பல் மருத்துவம் கற்றுக்கொடுத்தவரும் அவரே என்பதை மாமனாரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிரிட்டனில் பல் மருத்துவம் படிக்க இடம் கேட்ட லிலியன் மர்ரேக்குக் கிடைத்த பதில்தான் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மாணவர்களின் கவனம் சிதறிவிடும் என்று அஞ்சிய லண்டனிலுள்ள தேசியப் பல் மருத்துவமனையின் அப்போதைய முதல்வர், அவரை உள்ளே கூட அழைக்காமல் தெருவோர நடைபாதையிலேயே நேர்காணல் செய்து, எடின்பரோவுக்குப் போகச் சொன்னார். அங்கே 1895-இல் தேறிய லிலியன், 1946-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

கைவலு பற்றியும் ஒரு சொல். பல்லைப் பிடுங்குகிறார்கள் என்று நாம் சொன்னாலும், அது கிணற்றில் நீர் இறைப்பதைப் போல இழுக்கும் வேலையன்று. பல்லைத் தாடை எலும்புடன் பிணைத்திருக்கும் மெல்லிய நார்களை நெம்புகருவியால் விடுவித்து, குறட்டால் மெதுவாக அசைத்து அசைத்துக் குழியை விரியச் செய்த பிறகே பல்லை வெளியே எடுக்கிறார்கள். அவசரப்பட்டு முரட்டுத்தனமாக இழுத்தால் வேர் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

பி.டி.எஸ். முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பற்களைச் செதுக்கப் பயிற்சி தருவார்கள். மகள் செதுக்கியவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால், தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு, மாமனார் கண்ணில் படும்படி வையுங்கள்.