முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரே நாளில்: சிவிதாவா, ஓர்வியேத்தோவா?

ரோமிலிருந்து ஒருநாள் பயணம், அம்மாவுக்கு முழங்கால் வலி, மலைமேல் இருக்கும் சிவிதா, ஓர்வியேத்தோ ஆகிய இரண்டு ஊர்களில் எதற்குப் போகலாம் என்கிறீர்கள். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், ஓர்வியேத்தோதான். சிவிதா தி பான்யோரேஜோ படத்தில் அழகு. ஆனால் ஊருக்குள் போக நீளமான நடைபாலம் ஒன்றுதான் வழி, கடைசியில் செங்குத்தாக ஏறும். அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

ரோமின் முக்கிய ரயில் நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து ஓர்வியேத்தோவுக்கு உள்ளூர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம். நிலையத்துக்கு எதிரிலேயே மலையேறும் இழுவை ரயில் இருக்கிறது. மேலே இறங்கினால் பேராலயத்துக்குச் சின்னப் பேருந்து.

1290இல் தொடங்கிய அந்தப் பேராலயத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாய்வெயிலில் முகப்பின் தங்க மொசைக் தகதகக்கும். உள்ளே ஓவியர் சிஞோரெல்லியின் சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள்.

புனித பத்ரிசியோ கிணறு மட்டும் அம்மாவுக்கு வேண்டாம். 248 படி இறங்கி, அத்தனையும் ஏற வேண்டும். தண்ணீர் சுமந்த கழுதைகள் எதிரெதிரே முட்டாதபடி, இறங்க ஒன்று, ஏற ஒன்று என இரண்டு சுழல்பாதைகள்! பக்கத்துக் கோட்டைப் பூங்காவில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்வாருங்கள்.

அப்புறம், தெருக்களெல்லாம் கல் பாவியவை. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.